நாற்பது கொண்டை ஊசிகளும் ஒரு இசுசூ எஞ்சினும்

கோயம்புத்தூரில் ஒரு இயந்திரம் செத்துப்போய்விட்டது என்று யாரும் சுலபத்தில் சொல்லிவிட மாட்டார்கள். 'பாத்துக்கலாங்க' என்பார்கள். மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்து பழகிய ஊர். கணபதி, பீளமேடு, குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு சந்தில் லேத் சுற்றும் சத்தம் கேட்கும்.

கார், பஸ் மீதான பைத்தியமும் இந்த ஊருக்கு நூறு வருடப் பழசு. ஜி.டி.நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் எஸ்.கரிவரதன் இங்கேதான் மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் கார்களை உருவாக்கினார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீள ரேஸ் டிராக் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காரோட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான்.

அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு 1986 அம்பாசடருக்கு எஞ்சின் மாற்றிய கதை இது. அதற்காகவே போன இரண்டு பயணங்களின் கதையும்கூட.

மூட்டுவலியும் அம்பாசடரும்

பழைய கார் மோகம் எதுவும் எங்களுக்கு இல்லை. அம்மாவின் முழங்கால்தான் காரணம். இன்றைய கார்களில் உட்கார வேண்டுமென்றால் உடம்பைக் குனிந்து, வளைத்து, பள்ளத்தில் இறங்குவது போல இறங்க வேண்டும். அம்பாசடரில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். கதவு அகலம், சீட் உயரம். 'இந்த வண்டின்னா வர்றேன், இல்லைன்னா நான் வீட்லயே இருந்துக்கறேன்' என்று அம்மா சொல்லிவிட்டார். வால்பாறையில் இருக்கும் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அக்கா, தங்கை இருவரும் நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

வண்டியோ கைவிரித்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை, நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் ஊற்ற வேண்டிய நிலை. எஞ்சினைப் பிரித்த மேஸ்திரி, சிலிண்டரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஏற்கெனவே மூணு தடவை போரிங் பண்ணியாச்சுங்க அம்மிணி. இனி கடைஞ்சா சுவரே மிஞ்சாது."

மேஸ்திரிக்கு எழுபதை நெருங்கும் வயது. அப்பா இருந்த காலத்திலிருந்து இந்த வண்டிக்கு அவர்தான் வைத்தியர். அவர் சொன்ன யோசனைதான் இசுசூ.

கம்பெனியே செய்த மாற்றம்

அம்பாசடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பெரும்பாலான வருடங்கள் அதில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே ஜப்பானின் இசுசூ வடிவமைத்த 1817 சி.சி. எஞ்சினை அம்பாசடரில் பொருத்தி விற்றது. 75 குதிரைத்திறன், ஐந்து கியர். கான்டெஸா காரில் அதற்கு முன்பே வந்த எஞ்சின் அது.

வித்தியாசம் சி.சி.யில் மட்டும் இல்லை. பழைய எஞ்சினின் சிலிண்டர் ஒடுக்கம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம்: 73 மில்லிமீட்டர் அகலத்துக்கு 89 மில்லிமீட்டர் ஓட்டம். மாடு மாதிரி நிதானமாக இழுக்கும், விரட்டினால் முரண்டு பிடிக்கும். இசுசூவில் 84 மில்லிமீட்டர் அகலம், 82 மில்லிமீட்டர் ஓட்டம். பிஸ்டனுக்கு ஓட்டம் குறைவு என்பதால் வேகமாகச் சுற்றினாலும் அலுத்துக்கொள்ளாது. இன்றைய சின்னக் கார்களோடு ஒப்பிட்டால் 75 பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால், அம்பாசடருக்கு அது ஒன்றரை மடங்கு பலம்.

அம்மாவுக்குத்தான் மனசில்லை. "அவரு கை வெச்ச எஞ்சினாச்சே..." என்றார். மேஸ்திரி அவசரப்படுத்தவில்லை. "அக்கா, பழைய எஞ்சினை நான் எடைக்குப் போட மாட்டேன். துடைச்சு உங்க வீட்லயே கொண்டாந்து வெக்கிறேன். வண்டி ஓடணுமா, ஷெட்ல நிக்கணுமா, அதை மட்டும் சொல்லுங்க." அம்மா ஒரு வாரம் கழித்துச் சரி என்றார்.

உக்கடத்தில் ஒரு தேடல்

உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குள் நுழைந்தால் திசை தெரியாது. லாரி ஆக்ஸில், பஸ் ஸ்டீயரிங், கதவு, கண்ணாடி, ரேடியேட்டர் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனி ராஜ்ஜியம். உடைத்த ஒரு அம்பாசடரிலிருந்து இறக்கிய இசுசூ எஞ்சினும் கியர் பாக்ஸும் அங்கே கிடைத்தன. பில்லும் பழைய வண்டியின் ஆவணங்களும் இருந்தால்தான் வாங்குவது என்பதில் மேஸ்திரி கறாராக இருந்தார். எண் அழிந்த எஞ்சினை அவர் தொடவே மாட்டார்.

காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண் ஏற வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் தெரியப்படுத்த வேண்டும். இந்தக் கம்பெனியே இந்தக் காரை இந்த எஞ்சினோடு விற்றிருக்கிறது என்பது எங்களுக்குக் கைகொடுத்தது. தாள் வேலை முடிந்த பிறகுதான் ஸ்பானரையே எடுத்தார்.

பிறகு மூன்று மாதம். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன், ரிங், பேரிங் போட்டார்கள். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், பெரிய ரேடியேட்டர், சரியான நீளத்துக்கு புரொபெல்லர் ஷாஃப்ட். எல்லாவற்றுக்கும் முன்பாக அவர் செய்த வேலை பிரேக். "ஓட வெக்கறதுக்கு முன்னால நிக்க வெக்கணுங்க" என்று, பின்னாள் அம்பாசடரில் வந்த டிஸ்க் பிரேக்கை முன்சக்கரங்களில் மாட்டினார்.

ஒரு இழப்பும் இருந்தது. பழைய வண்டியில் ஸ்டீயரிங்கை ஒட்டி ஹேண்ட் கியர். அதனால் முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். புது கியர் தரையிலிருந்து முளைக்கிறது. சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்த இடம், இப்போது கியர் தடியின் இடம்.

ஆடிக் காற்றில் ரன்னிங்-இன்

புதுப்பித்த எஞ்சினை முதல் நாளே மலையேற்றக் கூடாது. 500 கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிப் பழக்க வேண்டும். இதைத்தான் 'ரன்னிங்-இன்' என்கிறார்கள். மெதுவாக ஓட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மேஸ்திரி சொன்னது வேறு.

கடைந்த சிலிண்டர் சுவரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவதற்காக. புது ரிங் அந்தச் சுவரில் உரசி உரசித்தான் அதற்கேற்ப அமர வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். எஞ்சினுக்குக் கொஞ்சமாவது பளு கொடுத்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். நின்ற இடத்திலேயே ஓடவிட்டாலோ, உருட்டிக்கொண்டே போனாலோ, எரிந்த ஆயில் சுவரில் கண்ணாடி போலப் படிந்துவிடும். அதன் பிறகு ரிங் அமராது, புகைதான். அதிக வேகமும் கூடாது, சூடு தாங்காது.

"50-ல இருந்து 70 வரைக்கும் ஏத்துங்க. காலை எடுத்துருங்க. தானா 50-க்கு வரட்டும். மறுபடி ஏத்துங்க. ஒரே வேகத்துல போவாதீங்க. டாப் கியர்ல போட்டுத் திணற விடாதீங்க." இதுதான் மந்திரம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்து ரிங்கைக் குளிர்விக்கும். ஏற்றுவதும் விடுவதும் ஆளுக்குப் பாதி வேலை செய்கின்றன.

இதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த பாதை பொள்ளாச்சி வழியாகப் பழனி. ஈச்சனாரி பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கிணத்துக்கடவைத் தாண்டினால் இருபுறமும் தென்னை. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம். அங்கே அமராவதி ஆற்றைத் தாண்டியதும் கொஞ்ச நேரத்தில் பழனி மலை எட்டிப் பார்க்கும். ஜி.டி.நாயுடுவின் பஸ் புழுதி கிளப்பிய அதே தடம்.

திரும்பி வரும்போதுதான் அந்தப் பாதையின் அருமை தெரிந்தது. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்த காற்று, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு நேராக எங்கள் வண்டியின் நெற்றியில் மோதியது. அம்பாசடரின் முகமோ சுவர் மாதிரி. பின் சீட்டில் இருந்த மேஸ்திரி சிரித்தார். "மேடே இல்லாத ஊர்ல ஆண்டவன் குடுத்த மேடுங்க இது. ரிங் நல்லா உக்காரும்."

முதல் நாள் முடிந்ததும் ஆயிலை இறக்கினார்கள். வெயிலில் காட்டியபோது ஜிகினாத் தூள் போலப் பளபளத்தது. உரசலில் உதிர்ந்த உலோகம். அடுத்த வாரம் மீண்டும் பழனி. 500 கிலோமீட்டர் தாண்டி ஆயிலை மாற்றியபோது பளபளப்பு அநேகமாக இல்லை. ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரி பார்த்தார். "இனி மலைக்குப் போலாங்க."

நாற்பது வளைவுகள்

பருவமழை ஓய்ந்த ஒரு புரட்டாசி காலையில் கிளம்பினோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு. மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தட்டு போலக் கிடந்தது. பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள், எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

பழைய எஞ்சினோடு வந்தால் அட்டகட்டி வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். அப்பா ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, கல்லைச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுப்பார். ஆறிய பிறகு குடத்துத் தண்ணீரை ஊற்றுவார். அரை மணி நேரம். அதற்குள் ஃபிளாஸ்க்கில் இருக்கும் காபி காலியாகிவிடும்.

இந்த முறை இரண்டாவது, மூன்றாவது கியரில் மாறி மாறி வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. வளைவில் வேகம் குறைந்து மறுபடி மிதித்தால், முதுகை யாரோ லேசாகத் தள்ளுவது போன்ற உணர்வு. வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய அவசியமும் வரவில்லை.

அட்டகட்டி நெருங்கும்போது அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டார். "கண்ணு, ஓரமா நிறுத்து" என்றார்.

"வண்டி சூடாகலையேம்மா."

"தெரியுது. நிறுத்து."

அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினேன். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கிப் போய், சூடாகாத பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அவரு இருந்திருந்தா இதை நம்பியிருக்க மாட்டாரு" என்றார். பத்து நிமிடம் கழித்துப் புறப்பட்டோம்.

கவர்கல் பக்கம் மூடுபனி இறங்கியிருந்தது. பிறகு தேயிலைச் சரிவுகள். பெரியம்மா வாசலில் ஸ்வெட்டரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்: "இன்னிக்கு எத்தனை தடவைடி தண்ணி ஊத்துனீங்க?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஒரு சொட்டு இல்லைக்கா!"

திரும்பும் வழியில் மேஸ்திரியிடம் கணக்குத் தீர்க்கப் போனோம். அவர் மகன் மின்சார வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பட்டறையை எடுத்து நடத்த ஆள் இல்லை. "அதுவும் மோட்டார்தானுங்களே, பையன் அதைப் பாத்துக்கறான்" என்றார் வருத்தமே இல்லாமல். எங்கள் பழைய எஞ்சினைத் துடைத்து, கறுப்பு பெயின்ட் அடித்து, மரச்சட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அது எங்கள் ஷெட்டின் மூலையில், அப்பாவின் பழைய வேட்டி போர்த்தி நிற்கிறது.

வால்பாறை போகிறீர்களா?

* ஆழியாறு சோதனைச்சாவடியில் வாகனங்களை நிறுத்திப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மலையேறி முடித்துவிடுவது நல்லது.

* ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

* வரையாடு, சிங்கவால் குரங்கு எதுவானாலும் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

* பழைய வண்டிக்கு எஞ்சின் மாற்றும் எண்ணம் இருந்தால் முதல் படி ஆர்.டி.ஓ. அலுவலகம், இரண்டாவது பிரேக், மூன்றாவதுதான் எஞ்சின்.