தெற்குப் பார்த்த ஒற்றை அறை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் போன் பண்ணினார். "தாதா, லேக் மார்க்கெட் பின்னாடி ஒரு ரூம் விலைக்கு வருது. தொக்கின் கோலா. விட்டுடாதீங்க."

தொக்கின் கோலா என்றால் தெற்குப் பக்கம் திறந்த வீடு. கொல்கத்தாவில் இதற்காகவே விலை ஏறும். கோடையில் சாயங்காலம் தெற்கிலிருந்து வரும் காற்றுதான் இந்த ஊருக்குக் கடவுள் கொடுத்த ஏசி. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "தெக்கு பாத்த வீடா? எமன் திசைடா அது" என்றார். வாசல் இல்லைம்மா, ஜன்னல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

லேக் மார்க்கெட் தெரியாதவர்களுக்கு: கொல்கத்தாவின் மயிலாப்பூர். பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது மால் நிற்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும், காப்பிப்பொடி வாசனை வரும். இந்தப் பகுதியே நூறு வருஷத்துக்கு முன்னால் சதுப்பும் புதருமாகக் கிடந்த இடம். 1912-இல் வேலையைத் தொடங்கிய கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், 1920-களில் இங்கே நிலத்தை எடுத்து ஏரி தோண்டி, பக்கத்து நிலத்தை மேடாக்கி, ரோடு போட்டது. அன்றைக்கு டாக்குரியா லேக். 1958 முதல் ரவீந்திர சரோவர். புதுத் தெருக்களில் வங்காளி வக்கீல்களும் டாக்டர்களும் வீடு கட்டினார்கள். வெள்ளைக்காரன் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்த நம்ம ஆட்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள்.

இங்கே வீட்டுக்கு வயசு கேட்டால் பெரியவர்கள் வருஷம் சொல்வதில்லை. யுத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் கணக்கு. 1942 டிசம்பரில் ஜப்பான்காரன் முதல் குண்டு போட்டபோது பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நான் பார்க்கப் போனது அதற்கும் முந்தின வீடு.

மூன்று மாடி. முகப்பில் அரைவட்ட பால்கனி, கிரில்லில் உதயசூரியன் (கட்சிச் சின்னம் இல்லை, அந்தக் காலத்து ஃபேஷன்). தெருவை ஒட்டி ஒரு திண்ணை, இங்கே ரோக் என்பார்கள், இரண்டு பேர் அரட்டையில் இருந்தார்கள். முதல் மாடியில் 340 சதுர அடி. ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஒரு குளியலறை. கறுப்பு பார்டர் வைத்த ரெட் ஆக்ஸைடு தரை, எத்தனை வருஷக் கால் பட்டதோ, முகம் பார்க்கலாம் போல மின்னியது. பதினோரு அடி உயரத்தில் கூரை. தெற்கு ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த, பட்டை பட்டையாகச் சாய்க்கிற மரக்கதவு. மாமி குச்சியைத் தூக்கினார். பட்டைகள் திறந்தன. காற்று வந்தது.

நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

மாமி 1968-இல் கல்யாணமாகி இந்த அறைக்கு வந்தவர். அப்போது வாடகை. அப்புறம் வீட்டுக்காரர் குடியிருந்தவர்களுக்கே பங்கு பங்காக விற்க, மாமாவும் வாங்கிப் போட்டார். மாமா போய் நாலு வருஷம் ஆகிறது. மாடிப்படி முடியவில்லை, பெண் கோயமுத்தூருக்குக் கூப்பிடுகிறாள். 28 லட்சம் சொன்னார்.

பேங்கில் கேட்டேன். அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் நல்ல மனுஷன், டீ குடித்தபடியே சொல்லிவிட்டார். 85 வயசைத் தாண்டிய கட்டடம், கடன் முடிகிறவரை நிற்கும் என்று அவரால் எழுதித் தர முடியாதாம். அவர் தாளில் மண்ணுக்கு ஒரு தொகை இருந்தது. கட்டடம் என்ற வரியில் பூஜ்யம். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்துக் கட்டிய அத்தனை தடிச் சுவருக்கும், அந்தத் தரைக்கும், ஜன்னலுக்கும் சேர்த்து பூஜ்யம்.

மண் கணக்கு இப்படி. மனை நாலு கட்டா. ஒரு கட்டா 720 சதுர அடி, ஆக 2880. நம்மூர்க் கணக்கில் ஒரு கிரவுண்டும் அதற்கு மேல் கொஞ்சமும். ஏழு சொந்தக்காரர்கள். இந்த அறைக்குப் பிரிக்கப்படாத பங்காகச் சுமார் 200 சதுர அடி. விலை அதற்குத்தான்.

புரோக்கர் அப்புறம்தான் மெதுவாக அவிழ்த்துவிட்டார். ப்ரோமோட்டர் ஒருவர் (பில்டரை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு வருஷமாகச் சுற்றுகிறார். இடித்துக் கட்டி, லிஃப்ட் வைத்து, ஆளுக்கொரு புது ஃபிளாட். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி மாமியும் கீழ் வீட்டு வங்காளிப் பெரியவரும். மேல் வீட்டு தீதி போட்டால் நானும் போடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி எக்ஸெலில் கணக்குப் போட்டேன். பி.எஃப்-ஐயும் ஊரில் இருக்கிற மனையையும் வைத்துப் புரட்டினால் 28 தேறும். வாங்கினால் மூன்று வருஷத்தில் புது ஃபிளாட். போட்ட பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தங்கமணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்த ஜன்னல் எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றாள்.

எழுத்தாளர் அமித் சௌத்ரி 2015-இல் இந்த மாதிரி வீடுகளுக்காகவே குரல் கொடுத்தார். ஜமீன்தார் மாளிகைகள் மட்டும் பாரம்பரியம் இல்லை, இந்தச் சாதாரணத் தெருக்களும்தான் என்று. கட்டும் உரிமையை வேறு இடத்துக்கு விற்றுக்கொள்ள வழி செய்தால் சொந்தக்காரர்கள் இடிக்கமாட்டார்கள் என்ற யோசனையும் வந்தது. படித்துவிட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவன்தான் நானும்.

அடுத்த ஞாயிறு டோக்கன் அட்வான்ஸுக்குச் செக்கோடு போனேன். மாமி காப்பி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"நீங்க வாங்கினா அந்தக் கையெழுத்தைப் போடுவேளா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பையன் இந்த ஊரிலேயே பிறந்து, வீட்டில்கூட வங்காளியில்தான் சண்டை போடுகிறான். நாளைக்கு அவனுக்கு ஒரு இடம் வேண்டாமா என்று ஏதேதோ ஓடியது. "இப்போ இல்லை மாமி. ஆனா ஒருநாள் போட்டுடுவேன்னுதான் நினைக்கறேன்."

மாமி கோபிக்கவில்லை. தம்ளரை வாங்கி வைத்தார். "அப்போ நானே போட்டுட்டுக் கிளம்பறேன். அதுக்கு நடுவுல நீங்க எதுக்கு 28 லட்சத்தை முடக்கணும்?"

செக்கைத் திருப்பி எடுத்து வந்தேன். பத்து நாளில் மாமி கையெழுத்துப் போட்டு, ப்ரோமோட்டரிடம் பணமாகவே வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போனார். கீழ் வீட்டுப் பெரியவரும் போட்டுவிட்டார். பூஜைக்கு அப்புறம் இடிக்கிறார்களாம்.

போகுமுன் மாமி அந்தத் தெற்கு ஜன்னல் கதவுகள் இரண்டையும் கழற்றி எங்களுக்கு அனுப்பிவைத்தார். எங்கள் வாடகை வீட்டு ஜன்னலுக்கு ஒரு முழம் நீளம் அதிகம். பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். பெருக்க முடியவில்லை என்று தங்கமணி தினமும் திட்டுகிறாள்.