நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்

பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று திறந்த சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பிசிறில்லாமல் ஓடும். அதே வண்டி சிக்னலில் நின்றதும் குலுங்கத் தொடங்கும். டாக்கோமீட்டர் முள் 600-க்கும் 900-க்கும் நடுவில் தடுமாறும், கியர் குமிழ் கையில் நடுங்கும், இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு எஞ்சின் அணைந்துவிடும். பானெட்டைத் திறந்ததும் எல்லோர் கையும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. இரட்டை எஸ்யு கார்புரேட்டர்கள், அவற்றின் அடியில் விரலுக்கு எட்டுகிற மிக்சர் நட்டு, பக்கத்திலேயே ஐடிலிங் திருகு. நட்டை இரண்டு பக்கம் இறக்கி, திருகை அரைச் சுற்று உள்ளே விட்டால் குலுக்கம் குறையும். வேலை முடிந்தது என்று பானெட்டை மூடிவிடுவார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். ஐடிலிங் கோளாறில் கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்கள் அந்த எஞ்சினுக்குள்ளேயே இருக்கின்றன.

ஓடும்போது நன்றாக இருக்கிற எஞ்சின் நிற்கும்போது மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்கள் இழுக்கின்றன, காற்று வர வழியில்லை, அதனால் மேனிஃபோல்டுக்குள் 18 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாகிறது. அந்த நேரத்தில் எஞ்சினுக்குத் தேவைப்படும் மொத்தக் காற்றும் தகட்டின் ஓரத்தில் இருக்கும் மயிரிழை இடைவெளி வழியாகத்தான் போகிறது. த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து அதைச் சுற்றி இன்னொரு மயிரிழை இடைவெளி இருந்தால், அது முதல் இடைவெளிக்குக் கிட்டத்தட்ட சமமான வாசலாகிவிடுகிறது. கதவைச் சாத்திய அறையில் ஜன்னல் இடுக்கின் காற்று முகத்தில் அடிக்கும், கதவைத் திறந்துவிட்டால் இடுக்கு இருப்பதே தெரியாது. 3,000 சுற்றில் த்ராட்டில் திறந்திருக்கும்போது அந்தக் கசிவு கணக்கிலேயே வராது. தீப்பொறிக்கும் இதே நிலைமைதான். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் வரும் கலவை கொஞ்சம். அதோடு முந்தைய சுழற்சியில் எரிந்த புகையும் கலந்து கிடக்கும், சுழற்சி வேகமும் குறைவு. பற்றவைக்கவே கஷ்டமான கலவை அது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் 1,600 பொறிகள் வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் 400. அதில் பத்துக்கு ஒன்று தவறினாலும் இருக்கையில் தெரிந்துவிடும். ஆகவே, ஓட்டும்போது சரியாக இருப்பதால் எஞ்சினில் குறையில்லை என்ற வாதம் நிற்காது. நல்ல வேகம் மறைத்து வைத்திருக்கிற குறைகளை ஐடிலிங் வெளியே கொண்டுவருகிறது.

எஸ்யு கார்புரேட்டரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த வாதத்தின் மையம் அதன் அமைப்பில் இருக்கிறது, தவிர அது நேசிக்கத்தக்க பொருள். எஸ்யு என்பது ஸ்கின்னர் யூனியனின் சுருக்கம். லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற பெரிய காலணிக் கடைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904-இல் இதை உருவாக்கினார். அவருடைய முதல் கார்புரேட்டரில் மூச்சு விடுகிற பகுதி தோலால் ஆன துருத்தி! செருப்புக் கடை வீட்டுப் பிள்ளைக்குத் தோல் கைக்கு வந்ததில் வியப்பில்லை. பிறகு துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. காற்றோட்டம் கூடினால் பிஸ்டன் மேலே எழும், குறைந்தால் இறங்கும். அதன் அடியில் கூம்பாகச் சீவிய ஊசி ஒன்று ஜெட்டுக்குள் தொங்குகிறது. பிஸ்டன் எழ எழ ஊசியின் மெலிந்த பாகம் ஜெட்டுக்கு வந்து பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. மேலே மூடியைத் திருகி எடுத்தால் எண்ணெய்க் குழிக்குள் டேம்பர் தெரியும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், எண்ணெய் இல்லாதபோது ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் எங்கோ உரசுகிறது. பிஸ்டனும் மேலிருக்கும் அறையும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. இரண்டு கார்புரேட்டர்களையும் கழுவும்போது மாற்றிப் போட்டுவிட்டால் அதுவே புதுக் கோளாறு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பழைய எம்ஜிபியில் இருக்கும் எச்எஸ்4 மாதிரியில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் கிடையாது. எல்லா வேகத்துக்கும் ஒரே ஊசி, ஒரே ஜெட். வேறு பல கார்புரேட்டர்களில் ஐடிலிங் திருகைத் திருப்பினால் ஐடிலிங் மட்டும் மாறும். இங்கே மிக்சர் நட்டை இறக்கினால் நெடுஞ்சாலை வேகத்திலும் கலவை ரிச்சாகிறது, அதாவது பெட்ரோல் கூடுகிறது. ஸ்பிண்டில் வழியாகக் காற்று புகுந்து கலவை லீனாகிக் குலுங்கும் எஞ்சினுக்கு நட்டை இறக்கிக் கூடுதல் பெட்ரோல் கொடுத்தால், குலுக்கம் அடங்கும்தான். ஆனால் கசிவே பொருட்டில்லாத வேகத்தில் அந்தக் கூடுதல் பெட்ரோல் எங்கே போகும்? பிளக்கில் கரியாகப் படிகிறது, சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவுகிறது, லிட்டருக்குக் கிடைக்கும் தூரத்தைத் தின்கிறது. சில வாரத்தில் கரி பிடித்த பிளக்கால் பொறி தவறி மறுபடி மிஸ்ஸிங். முன்பு ஒரு குறை இருந்தது, இப்போது இரண்டு. அதைவிட மோசம், முதல் குறையைக் காட்டிக்கொடுத்த அடையாளம் அழிந்துவிட்டது.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பணிமனை நூல்கள் இதில் கண்டிப்பாக இருந்தன. வால்வு இடைவெளி, பிளக், பாயின்ட், டைமிங் எல்லாம் சரியென்று உறுதியான பிறகே கார்புரேட்டர் ட்யூனிங்குக்கு வரச் சொல்கின்றன. இதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைச் சார்ந்திருக்கிறது. எம்ஜிபிக்குச் சொல்லப்பட்ட வால்வு இடைவெளி, அதாவது டேப்பட் இடைவெளி, 0.015 அங்குலம். ஒரு டேப்பட் இறுகிப்போனால் அந்த வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் நிற்காது, எந்தக் கலவையும் அங்கே ஒழுங்காக எரியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியை விடுவிக்கும் பாயின்டின் இடைவெளியும் அதே அளவை ஒட்டியதே. அதன் நார்க் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும், பொறி தாமதமாகும். அதனால் பாயின்டைச் சரிசெய்யாமல் டைமிங் பார்ப்பது வீண். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் கதை இன்னும் சுவாரசியம். தண்டு ஆடுவதால் நான்கு பொறிகளும் நான்கு விதமான நேரத்தில் விழும். டைமிங் லைட்டின் ஒளியில் புல்லியிலுள்ள கோடு ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடும். இந்த ஆட்டத்தை எந்தக் கார்புரேட்டர் திருகு நிறுத்தும்? நம் அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இந்த எம்ஜிபி எஞ்சினும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். ஆகவே டேப்பட்டையும் பாயின்டையும் பற்றிச் சொன்னது அந்தக் காருக்கும் பெருமளவு பொருந்தும்.

குலுக்கம் எந்தச் சிலிண்டரில் என்று கண்டுபிடிக்கக் கருவிகூட அதிகம் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது காப்பிட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், நல்ல சிலிண்டரைக் கழற்றும்போது வேகம் விழும், ஏற்கெனவே வேலை செய்யாததைக் கழற்றினால் ஒன்றும் மாறாது. இதற்கு மேல்தான் இந்த எஞ்சின் தன் அமைப்பால் உதவுகிறது. ஹெட்டில் மொத்தம் ஐந்து வழிகள். 1, 2 சிலிண்டர்களுக்கு உள்ளிழுக்கும் வழி ஒன்று, 3, 4-க்கு இன்னொன்று, நடுவிலுள்ள 2, 3 இரண்டுக்கும் புகை வெளியேறும் வழி பொது. 1-உம் 2-உம் சேர்ந்து பலவீனமானால் சந்தேகம் முன் கார்புரேட்டர் மீதோ அந்தப் பக்கத்து மேனிஃபோல்ட் கேஸ்கெட் மீதோ போக வேண்டும். 2-உம் 3-உம் சேர்ந்து என்றால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், கம்ப்ரஷன் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் என்றால் அதன் பிளக், வயர், வால்வு. கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்குச் சோறு போடுகிறது, ஒன்றை மட்டும் பட்டினி போட அதனால் முடியாது. மேனிஃபோல்டில் வெற்றிடமானி பொருத்தினால் முள் இன்னும் பேசும். நிலையாக நின்று அளவு மட்டும் குறைந்தால் தாமதமான டைமிங்கோ கசிவோ, ஒழுங்கான இடைவெளியில் சட்சட்டென்று விழுந்தால் ஒரு குறிப்பிட்ட வால்வு, மெல்ல மேலும் கீழும் அலைந்தால் அப்போது கலவையைச் சந்தேகிக்கலாம். 1964 முதல் சில ஆண்டுகள் வந்த எம்ஜிபிகளில் கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் வால்வு ஒன்று உண்டு. அதன் ரப்பர் சவ்வு கிழிந்தால் அதுவே பெரிய காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வேகம் சுமார் 200 சுற்று கூட வேண்டும். கூடவில்லையென்றால் அந்த வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து வரும் முறைக்கு எழும் மறுப்புகளில் வலுவானது செலவுக் கணக்கு. பிளக், வயர், பாயின்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாம் சேர்த்தே மெக்கானிக்கின் ஒரு நாள் கூலியைவிடக் குறைவு, எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் நேரம் மிச்சம் என்பார்கள். பழைய பாகங்களை என்றைக்கானாலும் மாற்றத்தான் வேண்டும், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தை ஒரே நாளில் மாற்றியபின் எஞ்சின் சரியானால் எது காரணம் என்று தெரியாது, சரியாகாவிட்டால் ஐந்து புதுச் சந்தேகங்கள் சேரும். இன்று மறு உற்பத்தியாக வரும் கண்டென்சர்களிலும் ரோட்டர்களிலும் பழையதைவிட மட்டமானவை உண்டு. புதிது என்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. மெதுவான வழியாகத் தெரியும், ஆனால் திரும்பி வர வேண்டியிராது.

இன்னொரு மறுப்பு: பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் குலுங்கத்தான் செய்யும், அதன் சுபாவமே அது. இதில் பாதி உண்மை. பந்தயத்துக்கான கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம், அது ஐடிலிங்கில் உறுமத்தான் செய்யும். ஒரே வழியில் இரண்டு சிலிண்டர்கள் மாறி மாறி இழுக்கும் இந்த ஹெட்டும் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை. ஆனால் சுபாவமான குலுக்கத்துக்குத் தாளம் உண்டு, கோளாறின் குலுக்கத்துக்குக் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயின் பின்னால் உள்ளங்கையை வைத்தால் காற்று ஒரே சீராக அடிக்கிறதா, நடுவில் ஒன்று விட்டுப்போகிறதா என்று கையே சொல்லும். தொழிற்சாலையிலிருந்து சாதாரண கேம்ஷாஃப்டோடு வந்த எம்ஜிபி சீராக நிற்கக்கூடிய வண்டிதான்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் வைத்த கார்களில் இந்தத் தொல்லையே இல்லை என்ற பேச்சு. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் அமைப்பு கட்டாயமானது. ஸ்கேனரைச் செருகினால் பி0300 என்று எழுதும், மிஸ்ஸிங் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பி0171 என்றால் கலவை லீன். எந்த ஹோஸ் கிழிந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவர், குலுக்கத்தைப் பார்த்ததும் மிக்சர் நட்டைத் திருப்புகிறவரின் அடுத்த தலைமுறை. கருவி எங்கே தேட ஆரம்பிக்கலாம் என்று காட்டும், தேடுவது நம் வேலை.

இவ்வளவும் முடிந்து, டேப்பட்டும் கம்ப்ரஷனும் பொறியும் சரியாக இருந்து, ஸ்பிண்டிலிலும் கேஸ்கெட்டிலும் கசிவில்லை என்று தெரிந்த பிறகு கார்புரேட்டருக்கு வரலாம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை த்ராட்டில்களைச் சமப்படுத்துங்கள். பிறகு பிஸ்டனுக்கு அடியிலுள்ள, அதைத் தூக்குவதற்கான சின்ன முளையை மேலே தள்ளி 0.8 மில்லிமீட்டர் அளவுக்குப் பிஸ்டனைத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச், விழுந்தால் லீன், கணநேரம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டைத் தொடுவதற்கு முன் இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பக்கம் எந்தத் திசையில் திருப்பப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைக் காரிலேயே வையுங்கள். அடுத்து பானெட்டைத் திறப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.