படியேறிச் சென்ற அன்பு

1830-களின் தொடக்கத்தில் பாரிசு நகரில் மாணவர் சிலர் ஓரிடத்தில் கூடி, வரலாற்றையும் மெய்யியலையும் பற்றி விவாதித்து வந்தனர். கத்தோலிக்கரும் வந்தனர், கடவுள் நம்பிக்கையற்றோரும் வந்தனர். லியோன் நகரிலிருந்து சட்டம் பயில வந்திருந்த பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞர் அங்கே திருமறையின் சார்பில் வாதாடுவார். ஏழைகளுக்கும் நோயாளருக்கும் அநாதைகளுக்கும் திருச்சபை ஆற்றிய தொண்டுகளை எடுத்துரைப்பார். எதிரணியினர் அவற்றை மறுக்கவில்லை. முன்பு செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறோம். இன்று நீங்கள் செய்வது என்ன என்று மட்டுமே கேட்டனர். அந்தக் கேள்விக்கு எந்த நூலிலும் விடை தேட இயலாது.

அக்கேள்வி எழுந்த வேளையையும் நாம் கருத வேண்டும். 1832-இல் பாரிசில் வாந்திபேதி பரவி ஏறத்தாழ 18,000 பேர் மாண்டனர். உழைத்துச் சோறு போட்டவரை இழந்து தவித்த குடும்பங்கள் ஏராளம். ஓசானாம் நண்பர் ஒருவருடன் தம்மிடம் எஞ்சியிருந்த விறகைச் சுமந்து சென்று ஓர் ஏழையின் வீட்டில் சேர்த்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1833 ஏப்ரல் 23-ஆம் நாள், ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த அன்றே, மாணவர் அறுவரும் அவர்களைவிட வயதில் மூத்தவரான எம்மானுவேல் பாயி என்னும் பத்திரிகையாளரும் ஒன்றுகூடினர். புனித வின்சென்ட் தே பவுல் சபை பிறந்தது அவ்வாறே.

ஆர்வம் இருந்ததே தவிர, ஏழைகளின் வீட்டிற்குள் எவ்வாறு நுழைவது என்பது அம்மாணவர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கற்பித்தவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. மூப்தார் என்னும் வறிய பகுதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 1856-இல் இறைவனடி சேர்ந்தவர் அவர். 2003-இல் அருளாளர் பட்டம் பெற்றார். இன்னின்ன குடும்பங்களைச் சந்தியுங்கள் என்று அவரே வழிகாட்டினார். ரொட்டி பெறுவதற்கான சீட்டுகளையும் அளித்தார். அதனினும் மேலாக, பொறுமையோடு அமர்ந்து ஏழைகள் சொல்வதைக் கேட்கவும், அவர்கள்மீது குற்றம் காணாதிருக்கவும் பழக்கினார். இச்சபையின் புகழ் ஓசானாமின் பெயரோடு நின்றுவிடுவதில் எனக்குச் சற்று மனக்குறை உண்டு. அந்த அம்மையார் இல்லாதிருந்தால் மாணவர்களின் ஆர்வம் சில மாதங்களில் அடங்கியிருக்கலாம்.

ஓசானாம் ஓய்வாக இருந்தவர் அல்லர். தாந்தே பெருங்கவியைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனைவியும் மகளும் உள்ள இல்லறத்தார். லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோது தொழிலாளிக்கு உரிய நியாயமான கூலியைப் பற்றியும் பேசினார். தொழிலாளர் உரிமை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் சுற்றுமடல் எழுதுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் நடந்தது இது. தருமம் செய்பவன் நீதியைப் பற்றிப் பேசமாட்டான் என்று நம்மிடையே சிலர் எண்ணுகின்றனர். ஓசானாம் இரண்டையும் ஒருங்கே செய்தார். 1853-இல் நாற்பதாம் வயதில் உடல் நலிந்து மறைந்தார். 1997-இல் பாரிசு நகரிலேயே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார்.

இச்சபையின் கிளை நம் பங்குகள் பலவற்றில் உள்ளதை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்குப்பின் நாங்கள் பதினோரு பேர் கூடுகிறோம். செபத்திற்குப்பின் ஒரு துணிப்பை கைமாறிச் சுற்றிவரும். எவர் எவ்வளவு இட்டார் என்பதை ஒருவரும் அறியார். பின்னர் இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்வோம். சென்ற ஆண்டு எங்கள் இளைஞர் ஒருவர், இவ்வளவு அலைச்சல் எதற்கு, உதவித் தொகையைக் கைப்பேசி வழியாகவே அனுப்பிவிடலாமே என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். பள்ளிக் கட்டணம் போன்றவற்றை இப்போது அவ்வாறே செலுத்துகிறோம். பணம் உரிய நாளில் போய்ச் சேருகிறது.

ஆனால் வீட்டுச் சந்திப்பை நிறுத்துவதற்கு நான் இணங்கவில்லை. அதற்குக் காரணமானவர் ஒரு பாட்டியார். கணவரை இழந்து, ஓலைப்பெட்டி முடைந்து தனியே வாழ்பவர். மாதந்தோறும் அவருக்குச் சிறு தொகை கொடுத்து வந்தோம். ஒருநாள் நாங்கள் சென்றபோது உலையில் அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபின் விரல்களை நீட்டிக் காட்டினார். ஆண்டுக்கணக்காக ஓலை வாரி வாரி ரேகைகள் தேய்ந்து போயிருந்தன. நியாயவிலைக் கடையிலுள்ள கருவி அவருடைய கைரேகையை ஏற்கவில்லை. இரண்டு மாதங்களாக அரிசி வாங்காமலே திரும்பியிருக்கிறார். முதியோர் தம் சார்பில் பொருள் வாங்க வேறொருவரை நியமித்துக்கொள்ளப் படிவம் உண்டு என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதை எழுதிக் கொடுத்து, அலுவலகத்திற்கு மூன்று முறை நடந்தோம். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் அரிசி வாங்கித் தருகிறாள். நாங்கள் அனுப்பும் தொகை கைப்பேசி வழியாகச் சென்றிருந்தால், அந்த அடுப்பில் என்ன வேகிறது என்பதை நாங்கள் எங்ஙனம் அறிவோம்?

கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கும்வரை உதவி மனிதரைத் தாழ்த்துகிறது, ஒருவருக்கொருவர் கொடுத்துப் பெறும்போது அதுவே மாண்பு தருகிறது என்னும் கருத்தை ஓசானாம் எழுதியிருக்கிறார். பாட்டியார் எங்களைக் கடுங்காப்பி பருகாமல் அனுப்பமாட்டார். கருப்பட்டி இல்லாத நாளில் சர்க்கரை இரவல் வாங்கியாவது போடுவார். வேண்டாம் என்று மறுப்பது மரியாதை அன்று என்பதை எங்களுள் இளையவர்களும் கற்றுக்கொண்டனர். என் மகன் தேர்வெழுதிய நாள்களில் அவனுக்காகத் தினமும் ஒரு செபமாலை சொன்னார். தேர்வு எப்படி, இன்னும் எத்தனை தாள் என்று என்னைவிடக் கருத்தாய் விசாரித்தார்.

சென்ற மாதம் நாங்கள் விடைபெற எழுந்தபோது, "தம்பி, இரண்டு வீடு தள்ளி வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன் ஒருவன் நாலு நாளாய்க் காய்ச்சலில் கிடக்கிறான். அவனையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். போனோம். அவன் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. எங்களோடு வந்திருந்த இளைஞர், முன்பு கைப்பேசியில் பணம் அனுப்பலாம் என்று சொன்ன அதே இளைஞர், அவனை வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பாயருகே தூக்குப்போணி ஒன்று இருந்தது. அதில் பாதி குடித்த கஞ்சி இருந்தது. பாட்டியார் வீட்டு அரிசிக் கஞ்சி.