ஒன்பது பேர் மேல் கேஸ்

பிகினி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். பக்கத்தில் யாராவது இருந்தால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது தீவைப் பற்றி.

பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகள் என்ற குட்டி நாட்டில் இருக்கிறது பிகினி. 1946-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த ஜனங்களிடம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர், மனிதகுலத்தின் நன்மைக்காகக் கொஞ்ச காலம் ஊரைக் காலி பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். 167 பேர் மூட்டை கட்டினார்கள். ஜூலை 1-ம் தேதி குண்டு வெடித்தது. நாலு நாள் கழித்து பாரிஸில் லூயி ரேயார் என்பவர், தான் வடிவமைத்த நீச்சலுடைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் சிலர் எழுபதுகளில் திரும்பிப் போனார்கள். கதிரியக்கம் போகவில்லை என்று 1978-ல் மறுபடி கிளப்பிவிட்டார்கள்.

1958 வரை அந்த நாட்டில் மொத்தம் 67 சோதனைகள். 1954 மார்ச் 1 அன்று வெடித்தது ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. ரொங்கெலாப் தீவில் சாம்பல் வெள்ளை வெளேரென்று கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது இரண்டு நாள் கழித்து!

அன்றைக்கு வேறொரு தீவில் தாத்தாவோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தான் ஒரு ஒன்பது வயசுப் பையன். வானம், கடல், தாத்தாவின் வலை எல்லாமே சிவப்பாகிவிட்டதாம். அவர்தான் டோனி டிபுரூம். பிற்பாடு வெளியுறவு அமைச்சர்.

அவர் பதவியில் இருந்தபோது, 2014 ஏப்ரல் 24 அன்று, ராணுவமே இல்லாத அந்த நாடு, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ஆமாம், நம்மையும் சேர்த்துத்தான். நஷ்டஈடாக ஒரு பைசா கேட்கவில்லை. அணு ஆயுதங்களை ஒழிப்பதற்கு நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்தி முடிக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்று 1996-ல் இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைச் செய்யுங்கள் என்பதுதான் கேஸ்.

கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்றவை பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மூன்றுதான். மற்ற ஆறும் வரவே இல்லை. குண்டு போட்ட அமெரிக்கா உட்பட. நாம் சொன்ன பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐ.நா.வில் நாங்களும் ஒழிக்கத்தானே சொல்கிறோம், இதில் தகராறு எங்கே வந்தது?

2016 அக்டோபர் 5-ல் தீர்ப்பு. கடமை இருக்கிறதா, மீறினார்களா என்ற பேச்சுக்கே கோர்ட் போகவில்லை. மளிகைக்கடை பாக்கிக்குக்கூட முதலில் நோட்டீஸ் விடுவார்கள் என்று பி.காம்.மில் படித்திருக்கிறேன். இங்கே நோட்டீஸ் கட்டாயமில்லையாம். ஆனால் இப்படியொரு தகராறு இருப்பது கேஸுக்கு முன்பே எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆகவே தகராறே கிடையாது, தள்ளுபடி. இந்தியா, பாகிஸ்தான் வழக்குகளில் 9-க்கு 7. பிரிட்டன் வழக்கில் 8-க்கு 8. தலைவரின் கூடுதல் ஓட்டில் முடித்தார்கள்.

மறு வருஷம் ஆகஸ்டில் டிபுரூம் இறந்துபோனார். அதே நாட்டின் குவாஜலின் தீவுப் பக்கம்தான், கலிஃபோர்னியாவிலிருந்து சோதனைக்காக ஏவும் ஏவுகணைகள் இன்றைக்கும் வந்து விழுகின்றன.