கருமத்தம்பட்டியில் நேர்ந்துகொண்டது

திருமணமாகி ஐந்து ஆண்டுகள் பிள்ளையில்லாதிருந்த காலத்தில், கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் சந்நிதியில் முழந்தாளிட்டு, தலைச்சன் ஆண்பிள்ளையானால் அவனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டேன். மறு ஆண்டே மகன் பிறந்தான். அவன் நடை பழகும் முன்பே பீடத்தில் நிற்பவனாக அவனை என் மனம் கண்டுவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் குருமடத்தில் சேர்த்தேன். பஞ்சாலையில் கணக்கெழுதிப் பிழைத்த எனக்கு, குருவானவரின் தகப்பனார் என்று ஊரார் அழைக்கப்போகும் நாளே வாழ்வின் இலட்சியமாயிற்று. அவனுடைய முதல் பூசை விருந்தில் யார் யாருக்கு முன்வரிசையில் இலை போடுவது என்பதுவரை எண்ணி வைத்திருந்தேன்.

ஆறாம் ஆண்டில் அவன் தகரப் பெட்டியுடன் வீடு திரும்பினான். தனக்கு அந்த அழைத்தல் இல்லையென்று நெடுநாள் செபித்து, பெரியோரிடம் பேசி முடிவு செய்ததாகச் சொன்னான். அவன்மேல் குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் ஏழு மாதம் நான் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு அவன் தாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒருநாள் இரவு பொறுக்கமாட்டாமல், “ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாயே!” என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. “நேர்ந்துக்கிட்டது நீங்கதானுங்களே அப்பா. என்னையக் கேக்கலீங்களே” என்றான்.

மறுநாள் பங்குச் சாமியிடம் போய் முறையிட்டேன். ஆறுதலாக ஏதேனும் சொல்வாரென்று எதிர்பார்த்தேன். அவரோ, “கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவரின் கதை உமக்குத் தெரியுமா?” என்று கேட்டு, பழைய புத்தகமொன்றை என் கையில் வைத்தார்.

பிரான்சு நாட்டில் 1813இல் பிறந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகையின் வரலாறு அது. தந்தைக்கு விருப்பமில்லாதிருந்தும் வேதபோதகராகி, 1842இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். (அங்கே மகன் போக விரும்பினான், தகப்பன் தடுத்தார். என் வீட்டிலோ எல்லாம் தலைகீழ்.) அவருடைய நெஞ்சில் இருந்தது ஒரே ஆசை. இம்மண்ணில் பிறந்தவர்களே குருக்களாகவும் ஆயர்களாகவும் இருந்து இத்திருச்சபையை நடத்த வேண்டும் என்பதே அது. அன்றைய ஐரோப்பிய வேதபோதகர் பலருக்கு அது அவசரக் கனவாகத் தோன்றிற்று. 1846 அக்டோபர் 4ஆம் நாள் கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் அபிஷேகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 32. 1850இல் கோவை தனி மறை ஆட்சிப் பகுதியாக உயர்ந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. குருமாணவரைத் தேடிச் சேர்த்தார். கோவை புனித மிக்கேல் பேராலயத்தின் கட்டடப் பணி அவர் காலத்தில் தொடங்கியது.

ஆனால் கிறிஸ்தவரிடையே நிலவிய சாதி வழக்கங்களில் எதைப் பொறுப்பது, எதை விலக்குவது என்ற வழக்கு அவரை வாட்டியது. வேதபோதகரிடையே ஒருமித்த கருத்தில்லை. உரோமையிலிருந்து அவர் நாடிய தெளிவான தீர்ப்பும் வரவில்லை. மனச்சான்றுக்கு மாறாக ஆளமாட்டாமல் பதவியைத் துறக்க முன்வந்தார். 1855இல் பாப்பரசர் அதை ஏற்றுக்கொண்டார். பேராலயமும் முடியவில்லை, கனவும் முடியவில்லை.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபமே வந்தது. இன்னும் சற்றுப் பொறுத்திருக்கலாகாதா? பிறகுதான் உறைத்தது. கெட்ட ஆசையை விடுவதற்கு ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் போதும். ஆண்டவரின் பெயராலேயே வளர்த்த நல்ல ஆசையை அவர் கையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேற எவ்வளவு விசுவாசம் வேண்டும்!

அவர் ஓய்ந்துவிடவுமில்லை. ஆப்பிரிக்காவில் கைவிடப்பட்ட மக்களிடம் போக உத்தரவு கேட்டார். 1856 டிசம்பர் 8ஆம் நாள், லியோன் நகரத்து பூர்வியேர் குன்றின் மாதா ஆலயத்தில், சில தோழர்களுடன் ஆப்பிரிக்க வேதபோதக சபையைத் தொடங்கினார். 1859 மே 14ஆம் நாள் சியரா லியோன் நாட்டின் ப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தார். ஊரில் கொள்ளைநோய். கரையிறங்க வேண்டாமென்று கப்பல் தலைவர் தடுத்தும் இறங்கினார். உடனிருந்த குருக்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். ஜூன் 25ஆம் நாள், வந்திறங்கிய நாற்பத்திரண்டாம் நாள், அவரும் காய்ச்சலால் மரித்தார். வயது 45.

அந்தச் சபை அழியவில்லை. இன்றும் பல நாடுகளில் பணிசெய்கிறது. கோவைக்குத் தமிழ் ஆயராக உபகாரசுவாமி ஆண்டகை வந்தது 1940இல். பிரெசிலாக் ஆண்டகையை 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். இவற்றில் ஒன்றையேனும் அவர் கண்ணால் கண்டாரா?

அவர் விட்டுக்கொடுத்தது தம்முடைய சொந்த ஆசையை. நானோ, இன்னொருவனுடைய உயிரை என் ஆசைக்குக் காணிக்கையாக்கிவிட்டு அதற்கு நேர்ச்சை என்று பெயர் சூட்டியிருந்தேன். எத்தனை ஆண்டுகள் நாள்தோறும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லியிருப்பேன்! அதில் அவருடைய சித்தத்தைக் கேட்கும் இடத்தில் என் சித்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன் போலும்.

அவ்வாண்டு அக்டோபர் திருவிழாவுக்கு மகனை உடன் வரச் சொன்னேன். பேருந்தில் இருவரும் பேசவில்லை. அன்னையின் முன் நெடுநேரம் முழந்தாளில் இருந்தேன். கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்கவில்லை. கொடுக்க உரிமையில்லாததைக் கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். எழுந்தபோது கால் மரத்துத் தடுமாறினேன். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது அவன் பீளமேட்டில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறான். அன்று கோவில் வாசலைத் தாண்டியதும், “டீ குடிக்கலாங்களா அப்பா?” என்று கேட்டான். குடித்தோம். காசு அவன்தான் கொடுத்தான்.