தளர்ந்த பிடி

அம்பாசமுத்திரம் ரயில் நிலையத்தில் சிறுவனாக நின்று கரி எஞ்சின் பார்த்தவர்களின் மனத்தைவிட்டு அந்தப் புகையும் பெருமூச்சும் எளிதில் அகலுவதில்லை. திருநெல்வேலியிலிருந்து மலையைக் குடைந்து 1904-இல் கொல்லத்தை எட்டிய பாதை அது. நீராவி போய்விட்டது, ஆசை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பணி ஓய்வு பெற்றபின், மேசைமேல் வைக்கத்தக்க சிறிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்ய முனைந்தேன்.

முதல் வேலை மரத்தில் மாதிரி அச்சு செய்வது. உருகிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும். அந்த அளவு அச்சைப் பெரிதாக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் சிலிண்டருக்கு இரண்டு வார்ப்படங்கள் வார்த்து வாங்கினேன். வார்ப்பிரும்பின் மேல்தோலில் மணல் ஒட்டி இறுகியிருக்கும். பயந்து மேலாகச் சீவினால் கருவியின் முனைதான் மழுங்கும். தோலுக்கு அடியே ஆழமாக முதல் வெட்டு இறங்க வேண்டும்.

அதன்பின் வருவதுதான் கடினம்: சிலிண்டரின் துளை முற்றிலும் வட்டமாக அமைவது. ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினுக்கு 1769-இல் காப்புரிமை பெற்றும், சரியான சிலிண்டர் கிடைக்காமல் பல ஆண்டுகள் தவித்தார். ஜான் வில்கின்சன் என்ற இரும்புத் தொழிலதிபர், வெட்டும் தண்டை உருளையின் இருபுறமும் தாங்கச் செய்து துளையிட்ட பிறகே 1776-இல் வாட்டின் எஞ்சின்கள் தொழிலுக்கு வந்தன. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் நீராவி வீணாகும். இறுக்கம் இருந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

நான் என்ன செய்தேன்? வார்ப்படம் நழுவிவிடுமோ என்ற அச்சத்தில், லேத்தின் சக்கில் அதை வலுவாக இறுக்கினேன். துளையிட்டு அளந்தபோது அப்பழுக்கில்லாத வட்டம்! மகிழ்ந்தேன். சக்கைத் தளர்த்தி மீண்டும் அளந்தேன். ஒரு பக்கம் மூன்று தௌ நீண்டிருந்தது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று தௌ ஒரு தலைமுடியின் பருமன்தான். ஆனால் அந்த எஞ்சினைக் கெடுக்க அது போதும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். தாமிரபரணியின் நீர்விசையால் ஓடிய விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் வேலை பழகியவர். “ஏலே, இரும்ப நெரிச்சுப் பிடிச்சா அது உனக்குப் பயந்து வட்டமா நிக்கும். விட்டாத்தான் அதோட நெசம் தெரியும்” என்பார்.

அன்று லேத்தின் முன் நெடுநேரம் நின்றேன். என் மூத்த மகன் தமிழ் இலக்கியம் படிக்க விரும்பினான். நான் பாலிடெக்னிக்கில் சேர்த்தேன். என் எதிரில் அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. “எவ்வளவு கீழ்ப்படிதலான பிள்ளை!” என்று ஊரார் புகழ்ந்தனர்; நானும் பெருமை கொண்டேன். வேலை கிடைத்து வெளியூர் சென்றபின் இரண்டாண்டுகள் அவன் வீடு திரும்பவில்லை. தொலைபேசியில் தாயோடு மட்டும் பேசுவான். என் பிடியில் இருந்தபோது நான் கண்ட வட்டம் எத்தகையது என்பது அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது வார்ப்படத்தில் அவசரப்படவில்லை. மேலோட்டமாகக் கடைந்து, மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்தேன். உள்ளே அடைபட்ட இறுக்கம் காலத்தால் தணியட்டும் என்று பழைய தொழிலாளர் செய்த முறை அது. அந்த மாதங்களில் ஒரு நாள் மகனை அழைத்தேன். “எய்யா, நல்லா இருக்கியா?” என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அழைத்தேன்.

மழைக்காலம் முடிந்தபின், சிலிண்டரின் ஒரு முகத்தை முதலில் சமமாக்கி, பக்கங்களை நெரிக்காமல் அந்த முகத்தையே தட்டில் பொருத்தினேன். நழுவாத அளவுக்கு மட்டும் முடுக்கி, மெல்லிய வெட்டுகளாகத் துளையிட்டேன். கழற்றி அளந்தேன். மாற்றமில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு மகன் வந்தான். எஞ்சினின் சிறு சக்கரம் சுழல்வதைக் குனிந்து பார்த்தான்.

“இவ்வளவு சரியா எப்படிப்பா வந்துச்சு?”

“லேசாத்தான் பிடிச்சேன், எய்யா” என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.