வலியும் விடுமுறைக் கணக்கும்

எட்டாம் மாதத்தில் இடுப்பு வலிக்காத பெண் உண்டா? மும்பையை அடுத்த டோம்பிவிலியில் வசிக்கும் அந்த 29 வயதுத் தமிழ்ப் பெண்ணிடம் இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. மாமியார் கேட்டார். ஆபீஸில் கேட்டார்கள். முதலில் பார்த்த டாக்டரும், எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலை நிமிராமல் அதையேதான் கேட்டார்.

ஆனால் இது வேறு வலி. அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்புகளும் முன்பக்கம் வந்து சேரும் மூட்டில், கத்தி வைத்தாற்போல. படுக்கையில் புரண்டால் வலி. ஒற்றைக் காலில் நின்று சல்வார் போட்டால் வலி. ரயில் நிலைய மேம்பாலத்தின் படிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சுமார் ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இடுப்பு மூட்டுகளில் இந்த வலி வருகிறது. மூட்டுகள் நெகிழ்கின்றன, எடை கூடுகிறது, நடை மாறுகிறது. குழந்தைக்கு ஆபத்தில்லை. தாய்க்குத்தான் ஒவ்வொரு அடியும் சோதனை.

லீவு போட்டிருக்கலாமே? இங்கேதான் கணக்கு. 1961 பேறுகாலப் பயன் சட்டம் 12 வாரம் தந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையோடு இருக்கும் நாட்களிலிருந்துதான் கழியும். எனவே பல்லைக் கடித்துக்கொண்டு ரயில் ஏறினார். பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று விசாரித்து சீட்டுக்கு முன்பதிவு செய்வது மும்பை வழக்கம். பெரிய வயிற்றைப் பார்த்தவர்கள் கேட்காமலே எழுந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் கர்ப்பிணிகளும் ஏறலாம் என்பதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

34ஆம் வாரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார். மருந்து இல்லை, பழக்கங்கள்தான் மாறின. புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து, உடம்பு மொத்தமாகத் திரும்ப வேண்டும். தூங்கும்போது கால்களுக்கிடையே தலையணை. உடை மாற்றுவது உட்கார்ந்துதான். ஆட்டோவில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுக்க வேண்டும். படிகளில் ஒவ்வொன்றாக, ஏறும்போது வலி குறைந்த கால் முதலில். வயிற்றுக்குக் கீழே இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்.

"குந்தி உட்கார்ந்து தரை தொடைச்சா சுகப்பிரசவம் ஆகும்மா" என்பது மாமியாரின் நல்லெண்ணம். மற்றவர்களுக்கு எப்படியோ, முழங்கால்களை அகட்டினாலே கொல்லும் வலிக்கு இது எதிரி. அதைச் சொல்லிப் புரியவைத்தது பிசியோதெரபிஸ்ட்தான். மருமகள் சொன்னால் சோம்பேறித்தனமாகிவிடும். (ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் என்றால் கதை வேறு. உடனே ஆஸ்பத்திரி.)

வலி போய்விடவில்லை. ஆனால் இரவில் தூங்க முடிந்தது. 37 வாரம் முடிந்ததும் லீவு எழுதிக் கொடுத்தார். வலியில்லாமல் முழங்கால்களை எவ்வளவு அகட்ட முடியும் என்று டேப்பால் அளந்து ஃபைலில் குறித்திருந்தார்கள். பிரசவ அறையில் அதற்கு மேல் கால்களை இழுக்க வேண்டாம் என்று நர்ஸிடம் காட்டினார். ஒருக்களித்துப் படுத்தபடியே பெண் குழந்தை பிறந்தது. லீவில் 23 வாரம் மிச்சம்.

பெல்ட் ஆறு வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது. புரளும்போது மட்டும் இன்னும் முழங்கால்களைச் சேர்த்துக்கொள்கிறார்.